மாடாகிப் போன ஓங்கில்

அத்தியாயம் 7

ஞானபாக்கியத்துக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பாள். அன்று தேனியில் புறப்பட்ட கம்பம் பஸ் வீரபாண்டியைத் தாண்டுவதற்குள் நான்கு முறை துடைத்துவிட்டாள்.

“அக்கா, போதும். கண்ணாடி தேஞ்சு வெறும் பிரேம்தான் மிஞ்சப் போவுது,” என்றான் பக்கத்து சீட்டில் இருந்த சுருளியாண்டி.

“வாய மூடிக்கிட்டு அந்தக் கடுதாசிய இன்னொருக்காப் படிலே.”

“மூடிக்கிட்டு எப்படிக்கா படிக்கிறது?”

ஞானபாக்கியம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் அவசரமாகக் கடிதத்தைப் பிரித்தான். இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் குரல்களைக் காதில் வாங்கியவள் அவள். முகத்தைப் பார்க்காமலே பொய்யைக் கண்டுபிடிக்கப் பழகிப் போய், வேலையை விட்டுவிட்டு, தேனி பஜாரில் அண்ணனின் ஏலக்காய்க் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டாள். சுருளியாண்டி இதே ரூட்டில் கண்டக்டராக இருந்தவன். பெரிய இடத்து மச்சினன் ஒருவனிடம் டிக்கெட் கேட்டதால் வேலை போனது. அவனுடைய வாய் மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது.

“எட்டு மூணு எண்பத்தெட்டு,” என்று படித்தான். “செல்வி ராஜாத்தி அவர்களுக்கு. ஓங்கில்களின் தசை என்று தாங்கள் ஒப்படைத்த பதினான்கு மாதிரிகளும் வெளி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. பதினான்கும் மாடு. பதினான்கிற்கும் ஒரே தாய்வழி. ஒரே மாட்டின் இறைச்சியைப் பதினான்கு துண்டாக்கி ஏமாற்றியுள்ளீர்கள் எனக் கருத வேண்டியுள்ளது. வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு முன் விளக்கம் தராவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகும். ஒப்பம், பேராசிரியர் ராஜமணி.”

அன்று வெள்ளிக்கிழமை. ராஜாத்தி முன் சீட்டில் இருந்தாள். வயது இருபத்தேழு. ஓடைப்பட்டியில் அப்பாவுக்குத் திராட்சைப் பந்தலும் நான்கு மாடும் உண்டு. ஐந்து வருடமாகக் கடலோர ஊர் ஒன்றின் ஆராய்ச்சி நிலையத்தில் ராஜமணியிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வலையில் சிக்கிச் செத்துக் கரை ஒதுங்குகிற ஓங்கில்களைத் தேடி ஓடி, ஆங்கிலத்தில் டால்பின் என்கிறோமே அதைத்தான், சதையைக் கொஞ்சம் அறுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சேர்த்தவள். பதினான்கு ஓங்கில். பதினான்கு குப்பி. அவ்வளவும் மாடு என்கிறது கடிதம்.

“போன் பண்ணிக் கேட்டேங்க்கா,” என்றாள் திரும்பி. “‘மாட்டுக்காரன் மகள் மாட்டைத்தானே கொண்டு வருவே’ன்னாரு. பக்கத்துல நாலு பேரு சிரிச்சது காதுல விழுந்துச்சு.”

ஞானபாக்கியம் ஐந்தாவது முறையாகக் கண்ணாடியைக் கழற்றினாள். கடிதத்தைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இந்த ஒரு வாக்கியம்தான் நேற்றிலிருந்து அவள் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. படித்தவன், பதவியில் இருப்பவன், ஒரு பெண்ணைத் திருடி என்று சொன்னது போதாதென்று அவள் வீட்டு மாட்டையும் சேர்த்துக் கேலி செய்கிறான். அவன் மட்டும் காலையில் காப்பிக்குப் பால் ஊற்றிக்கொள்வதில்லையா?

“அது என்ன தாயி, ஒரே தாய்வழி?” என்றான் சுருளியாண்டி.

“நம்ம ஒடம்புல மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்குண்ணே. அதுக்குன்னு தனியா ஒரு டி.என்.ஏ. அது ஆத்தாகிட்டருந்து மட்டுந்தான் வரும். அப்பன் பங்கு அதுல கெடையாது. ஆத்தா, அவ ஆத்தா, அவளுக்கும் ஆத்தான்னு பின்னாலயே போனா எந்த ஓங்கில் எந்தக் கூட்டம், எப்பப் பிரிஞ்சதுன்னு சொல்லிரலாம்.”

“அப்பன் பங்கே இல்லையா? அப்பறம் எதுக்கு ரேஷன் கார்டுல மட்டும் அவன் பேர மேல போட்டிருக்கான்?”

ராஜாத்தி மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். ஞானபாக்கியம் சிரிக்கவில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த ஆய்வக அறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“இதப் படி.”

“பிற பொருட்கள்: கோழிமுட்டை மஞ்சள்கரு, கிளிசரின்.” சுருளியாண்டி தலையைச் சொறிந்தான். “ஓங்கில் மாடாச்சு, மாட்டுக்குள்ள முட்டையுமா? கூட ஒரு வெங்காயம் இருந்தா லேப்லயே ஆம்லெட் போட்டிருப்பாக.”

“எல்லாரும் மாட்டப் பாத்தாக. முட்டைய ஒருத்தரும் பாக்கல. கறிக்கடையில வாங்கின மாட்டுக்கறியில முட்டை எப்படிலே வரும்? ராஜாத்தி, உன் குப்பிக எங்கெங்க இருந்துச்சுன்னு மறுபடியும் சொல்லு.”

ராஜாத்தி சொன்னாள். போன நவம்பரில் ஆராய்ச்சி நிலையத்துக்கு நைட்ரஜன் வருவது நின்றுபோனது. திரவ நைட்ரஜனில் உறைய வைக்காவிட்டால் மாதிரிகள் அழுகிவிடும். அவளுக்குத் தெரிந்து ஊர்ப்பக்கம் நைட்ரஜன் கேன் இருந்த இடம் அனுமந்தன்பட்டி ரோட்டிலுள்ள மேலச்சோலைப் பால் சங்கம்தான். மாட்டுக்குச் சினை ஊசி போட அங்கே கேன் வைத்திருந்தார்கள். கெஞ்சிக் கேட்டு ஒரு குழாயில் குப்பிகளை வைத்தாள். வெளி ஆய்வகத்தில் சரிபார்க்க ராஜமணி கேட்டதும், பிப்ரவரி நான்காம் தேதி எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள்.

“அப்ப ரெண்டே எடம். ஒண்ணு பால் சங்கம், இன்னொண்ணு அந்தாளு மேசை. பக்கத்துல இருக்கிறதுலருந்து ஆரம்பிப்போம்.”

பால் சங்கத்து வாசலில் கழுவிய கேன்கள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே சினை ஊசிப் பிரிவில் மொக்கைச்சாமி இருந்தார். ஐம்பது வயது, காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை. கோம்பையிலிருந்து ஓடைப்பட்டி வரை துள்ளுகிற கன்றுகளில் பாதி தன்னால் பிறந்தது என்று சொல்லிக்கொள்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்பது இருபது வருடத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை.

ராஜாத்தியைப் பார்த்ததும் அவர் மீசை ஒரு சுற்று இறங்கியதை ஞானபாக்கியம் கவனித்தாள்.

“என்ன தாயி, திடீர்னு?”

“நான் மாட்டுக்கறியக் குடுத்து ஏமாத்திட்டேன்னு சொல்லிட்டாகண்ணே.”

“அடப் பாவிகளா!” என்றார் அவர். ஆனால் அந்தக் குரலில் ஒரு நூல் அறுந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் இப்படிப்பட்ட குரலை ஞானபாக்கியம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ‘ஊருக்குப் போயிட்டாரு’ என்று சொல்கிறவரின் பக்கத்திலேயே அந்த ஆள் உட்கார்ந்திருக்கும்போது வருகிற குரல் அது.

அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. “அந்தக் கேனக் கொஞ்சம் காட்டுங்கண்ணே. நான் பாத்ததே இல்ல,” என்றாள்.

மொக்கைச்சாமி மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. கேனின் கழுத்தைச் சுற்றி ஆறு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழாய் உள்ளே தொங்கியது. கொக்கியில் அட்டைச் சீட்டு. ஜெர்சி, மலைமாடு, சிந்தி, முர்ரா, ஜெர்சி. ஆறாவது கொக்கி காலி.

“அந்த ஆறாவதுதாங்க்கா என்னோடது,” என்றாள் ராஜாத்தி. “நான் எடுக்க வந்தப்ப சீட்டு இல்ல. குளிருல பிஞ்சு விழுந்திருக்கும்னு நெனச்சேன். கொக்கி ஆறாவதுங்கிறது ஞாபகம் இருந்துச்சு. அண்ணன் அன்னைக்குச் சின்னமனூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாக.”

“குழாயத் திறந்து பாக்கலையா?”

“எப்படிங்க்கா? செத்த நேரம் திறந்தாலும் உருகிரும். அப்படியே எங்க சின்னக் கேனுக்கு மாத்தி, வாய்ல துணி கட்டி அரக்கு வச்சுக் கொண்டு போனேன்.”

ஞானபாக்கியம் மொக்கைச்சாமியின் பக்கம் திரும்பினாள். குரலில் சர்க்கரையைக் கொட்டினாள்.

“ஏண்ணே, நீங்க பெரிய டிரெயினிங் எல்லாம் போனவுகன்னு சொன்னாக. இந்த ஊசி எப்படி வருது?”

கேட்டதுதான் தாமதம். மீசை மறுபடி மேலே ஏறியது. அவர் இடுக்கியால் ஒரு குச்சியைத் தூக்கிக் காட்டினார். சர்பத் உறிஞ்சுகிற குழல்போல, ஆனால் ஈர்க்குச்சி அளவே பருமனான பிளாஸ்டிக் குச்சி. மேலே இங்கிலீஷில் பொடிப்பொடியாக எழுத்து.

“இதாம்மா ஊசிக் குச்சி. காளை நம்பரு, இனம், தேதி எல்லாம் மேலயே அச்சடிச்சிருக்கும். ஒரு குழாய்க்கு ஒரே காளையோட குச்சி இருபத்தஞ்சு.”

“உள்ள வெறும் வித்து மட்டுந்தானா?”

“அது எப்படிம்மா? வெறுமனே உறைஞ்சா செத்துப் போகும்ல? நான் ஒரு மாசம் படிச்சேன், மனப்பாடமாச் சொல்லுவேன். முட்டை மஞ்சக்கரு, கிளிசரின்...”

குச்சியை உள்ளே போடக்கூட மறந்து மொக்கைச்சாமி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆம்லெட் கெடைச்சிருச்சுக்கா,” என்றான் சுருளியாண்டி மெதுவாக.

ராஜாத்தி சுவரில் சாய்ந்தாள். “பதினாலும் மாடு. பதினாலுக்கும் ஒரே தாய்வழி. ஒரே காளையோட குச்சிங்க்கா!”

“காளைக்கு ஏது தாயி தாய்வழி?” என்றான் சுருளியாண்டி.

“காளைக்கும் ஆத்தான்னு ஒருத்தி உண்டுல்லண்ணே!”

“அப்ப நீ மதுர தாண்டித் தூக்கிட்டுப் போனது மாட்டு ஊசிக் குழாய்,” என்றாள் ஞானபாக்கியம். “ஏண்ணே, மாத்தி வச்சது ஆரு?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் கல்யாணத்துக்குல்ல போயிருந்தேன்.”

“சரி. மலைமாட்டு ஊசின்னு ஒண்ணு தொங்குதே, இந்த நாலு மாசத்துல எத்தன பேருக்குப் போட்டீக?”

“அது... ஆரும் கேக்கல.”

“எவன் கேப்பான்?” என்றான் சுருளியாண்டி. “எல்லாவனும் ஜெர்சி ஜெர்சின்னு அலையிறான். மலைமாடு மேல காட்டுல தன் கல்யாணத்தத் தானே முடிச்சுட்டு எறங்கிருது. அதுக்குப் போய் ஊசியா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்,” என்றாள் ஞானபாக்கியம். சர்க்கரை தீர்ந்துவிட்டிருந்தது. “ஆரும் கேக்காத சரக்கு, ஆரும் தொடாத குழாய். எதையாச்சும் ஒளிச்சு வைக்கணும்னா நானும் அந்தச் சீட்டத்தான் மாட்டுவேன். இந்தப் பிள்ளையோட அஞ்சு வருசப் பாடு திங்கக்கிழமையோட குப்பைக்குப் போகப் போவுது. இவள ஊரு பூரா திருடிம்பாக. நீங்க மீசைய முறுக்கிக்கிட்டு இங்கன உக்காந்திருங்க!”

மொக்கைச்சாமி ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார்.

“நான் என்னம்மா பண்ணட்டும்? பாப்பா அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேளுங்க.”

“கடற்பன்றின்னு எழுதினேன்,” என்றாள் ராஜாத்தி. “எங்க அகராதியில ஓங்கிலுக்கு அதான் போட்டிருக்கு. சங்கத்து ஆளுகளுக்குப் புரியட்டுமேன்னுதான் தமிழ்ல எழுதினேன்.”

“புரிஞ்சிருச்சு தாயி! நல்லாவே புரிஞ்சிருச்சு!” மொக்கைச்சாமிக்கு அழுகை முட்டியது. “கோம்பைக்காரரு ஒருத்தரு ஊசிக்கு மாட்டப் பிடிச்சுட்டு வந்தாரு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச மனுசன். மொத எழுத்துகள விட்டுட்டாரு. பின்னால ‘பன்றி’ங்கிறத மட்டும் பிடிச்சுக்கிட்டாரு. சாயங்காலம் டீக்கடை பூரா அதே பேச்சு. சங்கத்துல மாட்டுக்குப் பன்னி ஊசி போடுறாகளாம். மறுநா காலையில பாதிப் பேரு பாலே ஊத்தல. ஒருத்தன் கம்போட வந்து, என் கெடாரி பன்னிக்குட்டி போட்டா ஒன்ன வெட்டுவேங்கிறான். நான் அந்தச் சீட்டப் பிச்சு எறிஞ்சேன். எல்லாரு கண்லயும் படுற ஆறாங் கொக்கியிலருந்து ரெண்டாவதுக்கு மாத்தி, மலைமாடுன்னு எழுதி வச்சேன். ரெண்டாவதுல இருந்த ஜெர்சி ஆறாவதுக்குப் போச்சு. பாப்பா வந்தா சொல்லிரலாம்னு இருந்தேன். வந்த அன்னைக்கு நான் இல்ல. திரும்பி வந்து பாத்தா ஜெர்சிக் குழாயக் காணோம். வாயத் திறந்தா வேலை போயிருமேன்னு பயந்துட்டேம்மா.”

அவர் இரண்டாவது குழாயைக் கேனின் கழுத்துவரை தூக்கினார். உள்ளே பனி படிந்த கண்ணாடிக் குப்பிகள். மூடிகளில் ராஜாத்தியின் கையெழுத்து. அவள் வேகமாக எண்ணினாள், உதடு அசைந்தது. பதினான்கு. குழாய் மறுபடி உள்ளே இறங்கியது.

ராஜாத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞானபாக்கியம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பறம் என்ன, கேஸ் முடிஞ்சது,” என்றான் சுருளியாண்டி. “திருடனும் இல்ல, திருட்டும் இல்ல. ஒரு பன்னி பண்ணின வேலை. திங்கக்கிழமை குழாயக் கொண்டு போயிக் காட்டினா அந்தப் பேராசிரியரு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு. அவரும் பாவம், தெரியாம...”

அவன் நிறுத்திவிட்டான். ஞானபாக்கியம் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். இந்த முறை துடைக்கவில்லை. கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“ராஜாத்தி. குழாயக் குடுத்தப்ப அந்தாளு என்ன எழுதிக் குடுத்தாரு?”

ராஜாத்தி பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்தாள். “‘முத்திரையிட்ட குழாய் ஒன்று பெற்றுக்கொண்டேன். ராஜமணி.’”

“லேப்காரன் என்ன வாங்கினதா அறிக்கையில போட்டிருக்கான்? மொத வரியப் படி.”

“‘கண்ணாடிக் குப்பி பதினான்கு, எண்ணிட்ட லேபிளுடன்.’ அதான் சரியா இருக்கேங்க்கா. என்னோடது கண்ணாடிக் குப்பிதானே?”

“உன்னோடது கண்ணாடிதான். ஆனா உன்னோடது இந்தா இங்கன இருக்கே! அந்தாளு கையில போனது பிளாஸ்டிக் குச்சில்ல? குச்சி எப்படிக் குப்பியாச்சு?”

ராஜாத்தியின் அழுகை சட்டென்று நின்றது.

ஞானபாக்கியம் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “அரக்க ஒடைச்சுத் தெறந்திருக்கான். உள்ள குச்சி. ஒவ்வொரு குச்சியிலயும் ஜெர்சி, காளை நம்பருன்னு அச்சடிச்சிருக்கு. குழாய் மாறிப் போச்சுன்னு அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு. ‘ஏம்மா, தப்பான குழாயக் கொண்டாந்துட்டே’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மனுசன். இவன் கத்திரிக்கோலெடுத்துப் பதினாலு குச்சிய வெட்டி, பதினாலு குப்பியில ஊத்தி, உன் நம்பர ஒட்டி லேப்புக்கு அனுப்பியிருக்கான். எதுக்கு? நீ என்ன எழுதி வச்சே அவனுக்கு ஆகாதபடி?”

ராஜாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அஞ்சாவது அத்தியாயம்,” என்றாள். “உள்வளைகுடா ஓங்கிலும் வெளிக்கடல் ஓங்கிலும் ஒரே இனம்னு அவரு இருபது வருசமாச் சொல்லிட்டு இருக்காரு. மண்டையோட்ட அளந்து புஸ்தகமே போட்டிருக்காரு. கேன்ல வைக்கிறதுக்கு முன்னாடியே நான் சோதிச்சுப் பாத்ததுல தாய்வழி ரெண்டாப் பிரிஞ்சு நிக்கிது. லட்சக்கணக்கான வருசம் ஒண்ணோட ஒண்ணு சேரல. அந்த அத்தியாயத்த எடுத்துருன்னு மூணு தடவ சொன்னாரு. நான் எடுக்கல.”

ஞானபாக்கியத்துக்குக் காது மடல் சுட்டது. திருடனாக இருந்தால்கூட அவளால் மன்னித்திருக்க முடியும். திருடனுக்குப் பசி இருக்கும். கண்ணெதிரே ஒரு பெண் தவறிய இடத்தைப் பார்த்து, கை கொடுக்காமல், அங்கேயே குழி தோண்டியவனை என்ன பேர் சொல்லித் திட்டுவது? அவளுக்குத் தெரிந்த தமிழில் போதுமான வசவு இல்லை.

“போன் எங்கண்ணே இருக்கு?”

“காரியதரிசி ரூம்புல. அவுக இல்ல. பால் டெஸ்ட் பண்ற ரூம்புலயும் அதே லைன்ல ஒண்ணு இருக்கு.”

“ராஜாத்தி, நீ அங்கன போய் எடுத்துக் காதுல வச்சுக்க. மூச்சு விடாத. சுருளி, நீ அவ பக்கத்துல நின்னு ஒண்ணு விடாம எழுது. மணியும் போடு.”

ராஜமணியின் ஊருக்கு டிரங்க் கால் புக் செய்தாள். எக்ஸ்சேஞ்சில் இருந்தது பழைய சிநேகிதி பஞ்சம்மாள், பத்து நிமிடத்தில் லைன் கிடைத்தது.

“ராஜமணி பேசறேன். யாரும்மா?”

நிதானமான, படித்த குரல். ஞானபாக்கியம் தன் குரலைக் கூழாக்கிக்கொண்டாள்.

“வணக்கமுங்கய்யா. மேலச்சோலைப் பால் சங்கத்துலருந்து பேசுறேன். எங்க ஜெர்சிக் குழாய் ஒண்ணு மாறி உங்ககிட்ட வந்திருச்சுங்க. திருப்பிக் குடுத்தீகன்னா புண்ணியமாப் போகும்.”



“எந்தக் குழாயும் எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பெண் கொடுத்ததை அப்படியே லேபுக்கு அனுப்பிவிட்டேன். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.”

“அப்படிங்களா? அப்ப லேப்காரகதான் எடுத்து வச்சிருக்கணும். நாங்க அவுக மேலயே புகார் குடுத்திர்றோம். போலீசு போயி விசாரிச்சுக்கட்டும். குழாயா வந்துச்சா, என்னவா வந்துச்சுன்னு அவுகளே சொல்லிருவாக.”

“இரும்மா, இரு. லேபை எதற்கு இதில் இழுக்கிறாய்?” நிதானம் கழன்று விழுந்தது. “அவர்களிடம் ஒன்றும் இல்லை. மிச்சம் பதினொரு குச்சிதானே, அதெல்லாம் அன்றைக்கே உருகிப்போய்...”

அவர் நிறுத்தினார். தான் பேசியதைத் தானே கேட்டுவிட்டார். இருபத்தைந்தில் பதினான்கு போனால் பதினொன்று. குச்சி என்று ஞானபாக்கியத்தின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பால் டெஸ்ட் அறையிலிருந்து குரல் வந்தது. லைனிலும் சுவர் வழியாகவும் இரண்டு தடவை கேட்டது.

“திறந்துகூடப் பாக்காதவருக்குக் குச்சி பதினொண்ணுன்னு எப்படிங்கய்யா தெரிஞ்சது?”

“ராஜாத்தியா? நீ... லைனில் இருக்கிறாயா?” அவர் குரல் உடனே அப்பாவின் குரலாகிவிட்டது. ஞானபாக்கியம் அந்த வேகத்தைக் குறித்துக்கொண்டாள். “இங்கே பாரும்மா. இது பெரிய விஷயமே இல்லை. குழாய் மாறியது உன் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடு. கடிதத்தை நான் கிழித்துவிடுகிறேன். குழுவிடம் நானே பேசுகிறேன். ஆறு மாதத்தில் நீ டாக்டர் ராஜாத்தி. அந்த ஐந்தாவது அத்தியாயம் மட்டும் வேண்டாம். ஓடைப்பட்டியில் உன் அப்பா தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? யோசித்துப் பார்.”

ஞானபாக்கியம் போனை இறுக்கிப் பிடித்தாள். நாக்கு நுனியில் நூறு வார்த்தை நின்றது. ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் அவளில்லை. ஐந்து வருடம் போட்டவள் அந்தப் பக்கம் நிற்கிறாள். சரி என்று அவள் சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பட்டம் கிடைக்கும், பேர் கெடாது, அப்பன் பந்தலுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்குவான்.

“யோசிச்சுட்டேங்கய்யா,” என்றாள் ராஜாத்தி. குரல் உயரவில்லை. “வலையில மூச்சு முட்டிச் செத்ததுகள நான் இந்தக் கையால அறுத்திருக்கேன். அதுல ஒண்ணு வயித்துல குட்டியோட கெடந்துச்சு. அன்னைக்கு நீங்க கரைக்கு வரல. நாத்தம் தாங்காதுன்னு ஜீப்புலயே உக்காந்திருந்தீக. அஞ்சாவது அத்தியாயம் நான் சொன்னதில்லங்கய்யா. அதுக ஆத்தாமாரு சொன்னது. அத வெட்டி எறிய எனக்கும் உரிமையில்ல, உங்களுக்கும் இல்ல. மன்னிப்புக் கடுதாசி ஒண்ணு தேவைப்படும். அத நீங்க எழுதி வைங்க.”

டொக் என்று போன் வைக்கப்பட்டது.

ஞானபாக்கியம் சினை ஊசிப் பிரிவுக்குத் திரும்பியபோது ராஜாத்தி கேன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சின்ன நைட்ரஜன் கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள். மொக்கைச்சாமி புனலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நானும் வாரேன் தாயி,” என்றார் அவர். “அங்கன வந்து பன்னிச் சமாச்சாரத்த என் வாயாலயே சொல்றேன். வேலை போனாப் போகுது.”

“போகாதுண்ணே,” என்றான் சுருளியாண்டி. “இந்தப் பள்ளத்தாக்குல ஒங்களுக்கு அத்தன பிள்ளைக. விட்ருவாகளா?”

காரியதரிசி அறையில் போன் அடித்தது. விட்டு விட்டு அடிக்காமல் ஒரே நீளமாக அடித்தது. அது டிரங்க் கால் மணி என்று ஞானபாக்கியத்துக்குத் தெரியும். போய் எடுத்தாள். பஞ்சம்மாள்தான்.

“ஏட்டீ ஞானம், அதே பார்ட்டி பல மடங்கு காசு கட்டி அவசரமா லைட்னிங் கால் போட்டிருக்காரு. ராஜாத்தின்னு ஒருத்தர உடனே வேணுமாம். ஆளு அழுவுறாரு போலிருக்குடீ. குடுக்கட்டுமா?”

ஞானபாக்கியம் போனின் வாயைப் பொத்திக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டாள். ராஜாத்தி தலையைத் தூக்காமல், பதினான்கு குப்பியும் இறங்கிய கேனின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

ஞானபாக்கியம் அதை அப்படியே போனில் சொன்னாள்.

“பார்ட்டி திங்கக்கிழமை காலையில பதினோரு மணிக்குத்தான் கெடைப்பாகளாம்னு சொல்லு.”